கையெழுத்துப் போடாத மெய்ரிக்

பென்கெலின் ரக்பி கிளப்பின் ஆண்டு மலரில், நான்காம் பக்கத்தில் இப்படி அச்சாகியிருக்கிறது: "இளையோர் வளர்ச்சி அலுவலர்: உற்சாகமும் இனிய சுபாவமும் உள்ளவர். இளைஞர்களின் மொழியில் அவர்களோடு உரையாடுபவர். நவீனத் தகவல் சாதனங்கள் வழியாக இடையறாத தொடர்பில் இருப்பவர். தம் புன்னகையால் ஊக்கம் தருபவர்."

அதற்குக் கீழே மெய்ரிக் பாஸ்க்கின் புகைப்படம். கவுன்சில் அடையாள அட்டைக்காக எடுத்தது. பார்ப்பவர்களுக்கு, இந்த ஆளைக் கண்டால் தகவல் கொடுக்கவும் என்று கீழே ஒரு வரி விட்டுப்போனதாகத் தோன்றும்.

வயது ஐம்பத்திரண்டு. குப்பை லாரி ஓட்டுகிறார். ஊர் அவரைக் குப்பை மெய்ரிக் என்று அழைப்பதில் இழிவு எதுவும் இல்லை. பால் மெய்ரிக், தபால் மெய்ரிக் என்று இன்னும் இரண்டு பேர் இருப்பதால் வந்த ஏற்பாடு அது. இளைஞர்களின் மொழியில் அவர் ஒரு பயிற்சி மாலை முழுவதும் பேசுவதை விரல் விட்டு எண்ணிவிடலாம். "குனி." "இன்னும் குனி." "நேத்து என்ன சாப்பிட்டே?" "வீட்டுக்குப் போ." கைபேசி பொத்தான் வைத்தது, அது லாரியிலேயே கிடக்கும். புன்னகையைப் பார்த்ததாக ஊரில் இரண்டு பேர் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே நாளைச் சொல்வதில்லை.

இப்படிப்பட்டவர் எப்படி இந்தப் பதவிக்கு வந்தார் என்றால், கழிப்பறைக்குப் போய் வந்தார். கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு பதவிக்கு ஆள் கிடைக்காவிட்டால், அந்த நிமிடம் அறையில் இல்லாதவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுப்பது பென்கெலினில் எழுதாத சட்டம். விவரம் தெரிந்தவர்கள் கூட்ட நாளன்று மதியத்திலிருந்தே பீரைத் தொடமாட்டார்கள். முழங்கால் தேய்ந்துபோய் அப்போதுதான் ஆட்டத்தை விட்டிருந்த மெய்ரிக், ஒன்பது வருடத்துக்கு முன் அந்த எச்சரிக்கையை மறந்து எழுந்து போனார். திரும்பி வரும்போது ஒரே கைதட்டல். எந்த அப்பாவி மாட்டிக்கொண்டான் என்று நினைத்து அவரும் கைதட்டியபடியே வந்து உட்கார்ந்தார்.

அப்போது இளையோர் அணியில் பதினோரு பையன்கள் இருந்தார்கள். ரக்பிக்கு வேண்டியது பதினைந்து. மீதிப் பேர் எங்கே போனார்கள் என்பதில் ரகசியம் இல்லை. முதல் அணிக்கு ஆள் குறையும்போதெல்லாம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுப் பெரியவர்களோடு இறக்கிவிடுவார்கள். அவன் முதல் மாதம் பெருமையோடு ஆடுவான், இரண்டாம் மாதம் அடிபடுவான், இருபது வயதில் சனிக்கிழமைகளில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருப்பான். விதைநெல்லை எடுத்துச் சோறு பொங்குவது போலத்தான் இது. ஆனால் பசித்தவர்களிடம் யார் அதைச் சொல்வது?

மெய்ரிக்கும் சொல்லவில்லை. தையல்காரர் டேப் ஒன்று வாங்கினார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பையன்களை வரிசையில் நிறுத்திக் கழுத்தை அளந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினார். பையன்கள் அதற்குத் 'தூக்குத் திங்கள்' என்று பெயர் வைத்தார்கள். அவரிடம் இருந்த இன்னொரு முறை எந்தக் கையேட்டிலும் கிடையாது. ஊரின் குப்பை முழுவதும் அவர் கை வழியாகத்தான் போனது. எந்த வீட்டில் வாரம் முழுக்க பீட்சா அட்டை, எந்த வீட்டில் மாத்திரை டப்பா, எந்த வீட்டில் கட்டிலை உடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாதிரியாருக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். நெரிஸ் வீட்டுத் தொட்டியில் ஒரு புதன்கிழமை பீர் டப்பாக்கள் திடீரென்று நின்றுபோயின. கணவன் போய்விட்டான் என்று ஊர் அறிவதற்கு இரண்டு வாரம் முன்பே மெய்ரிக் அறிந்தார். அன்று மாலை அவளுடைய மகன் யோலோவின் வாசலில் நின்று, "பயிற்சி அஞ்சரைக்கு. நான் இந்தப் பக்கமாத்தான் போறேன், ஏறு" என்றார். அவர் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது.

பதினோரு பேர் முப்பத்தி நான்கு பேர் ஆனார்கள். இளையோர் அணி பள்ளத்தாக்குக் கோப்பையை இரண்டு முறை தூக்கியது. யோலோ பதினேழு வயதில் அலமாரி அளவு வளர்ந்தான். முதல் அணியோ அதே ஒன்பது வருடத்தில் இரண்டு பிரிவு கீழே இறங்கியது. பையன்களைப் பெரியவர்களோடு இறக்க இளையோர் அலுவலர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவம் வரும்போதெல்லாம் மெய்ரிக்கிடம் பேனா இருந்ததே இல்லை.

இந்த வருட ஏப்ரலில் கடைசி ஆட்டம் வந்தபோது நிலைமை இதுதான். இன்னும் ஒரு பிரிவு இறங்கினால் பயணச் செலவுக்குப் பணம் கிடையாது, விளம்பர ஆதரவு கிடையாது, அனேகமாகக் கிளப்பே கிடையாது. தப்பிக்க ஒரே ஒரு லீக் புள்ளி போதும். ஆனால் எதிரி அபர்குவித், அட்டவணையில் முதலிடம். ஜெயிப்பது நடக்காத காரியம். ஏழு அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் ஆறுதலாக ஒரு லீக் புள்ளி தருவார்கள். எனவே பென்கெலின் முழுவதும் அந்த வாரம் ஒரு கௌரவமான தோல்விக்காகப் பிரார்த்தித்தது.

அந்தத் தோல்விக்குக்கூட ஆள் இல்லை. எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை கோத்துத் தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசை மூன்று பேர் அதற்கென்றே பழகியவர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து முறியும். பழகிய ஆளைக் கொண்டுவர முடியாத அணிக்கு, ஆட்டத்தில் என்ன நடந்தாலும் லீக் புள்ளி பூஜ்யம். பென்கெலினின் வலது முன்வரிசைக்காரர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். அவருக்கு மாற்று, மச்சினியின் கல்யாணத்துக்காக ஸ்பெயின் போயிருந்தார். மாற்றுக்கு மாற்று, பயிற்சியில் விலாவை உடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை கமிட்டி கூடியது. தலைவர் ஹெஃபின் படிவத்தை மெய்ரிக்கின் முன்னால் தள்ளினார். ஹெஃபின் ஊரின் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர். பெட்டி ஹெஃபின் என்று பெயர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே முன்வரிசையில் ஆடியவர்கள்.

"யோலோ பேரு எழுதியாச்சு. அவங்கம்மா கையெழுத்துப் போட்டாச்சு. உன்னுது மட்டும்தான் பாக்கி."

"பாக்கி இருக்கட்டும்."

"டேய், அவன் உன்னைவிட உசரம். உன்னைவிட எடை. அவன் பக்கத்துல நீ நின்னா நீதான் பையன் மாதிரி இருக்கே."

"பதினேழு வயசு."

"ஆகஸ்டுல பதினெட்டு!"

"அப்ப ஆகஸ்டுல கேளு."

ஹெஃபின் குரலைத் தாழ்த்தினார். துக்க வீட்டுக் குரல் அது. கேட்டவர்கள் அதற்குமுன் யாரும் மறுத்ததில்லை. "மெய்ரிக், முப்பத்தி நாலு பசங்களை நீ பொத்திப் பொத்தி வளர்த்திருக்கே. நல்லது. சனிக்கிழமை நாம கீழே போயிட்டா அடுத்த வருஷம் இவங்க வளர்ந்து எங்கே ஆடுவாங்க? உன் குப்பை லாரிலயா? மேல வீடே இல்லைன்னா மாடிப்படி எதுக்குடா?"

மெய்ரிக் படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்தார். ஹெஃபின் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் அவரை உறுத்தியது. முட்டாள்தனமான வாதத்துக்கு முறைப்பு போதும். சரியான வாதத்தை மறுப்பதற்குத்தான் நெஞ்சழுத்தம் வேண்டியிருக்கிறது.

மறுநாள் குப்பை எடுக்கும்போது ஊரின் தீர்ப்பு தெரிந்தது. தொட்டிகளைக் கைப்பிடி ரோட்டுப் பக்கம் பார்க்க வைப்பது பென்கெலினின் மரியாதை. அன்று தெரு நெடுக எல்லாக் கைப்பிடிகளும் சுவரைப் பார்த்து நின்றன. மெய்ரிக்கும் உதவியாளரும் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி எடுத்தார்கள். நெரிஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"என் பிள்ளைக்கு நான்தானே அம்மா? இல்ல நீயா?"

"நீதான்."

"நான் சரின்னுட்டேன். அவன் ராத்திரியெல்லாம் தூங்கலை, முதல் அணி ஜெர்சி போடப்போறேன்னு. நீ யாரு நடுவுல?"

"கழிப்பறைக்குப் போனவன்" என்றார் மெய்ரிக்.

அவள் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

வியாழக்கிழமைப் பயிற்சியில் யோலோவே நேராக வந்தான். மற்ற பையன்கள் பந்தைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"கழுத்து பதினேழரை அங்குலம். நீங்களே அளந்தீங்க. நோட்டுல இருக்கு."

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"உன்னை ஸ்க்ரம்ல எவ்வளவு தூரம் பின்னால தள்ளியிருக்காங்க, அதிகபட்சம்?"

யோலோ விழித்தான். "ஒன்றரை மீட்டர். இளையோர் ஆட்டத்துல அதுக்கு மேல தள்ளக் கூடாதே. விசில் அடிச்சிடுவாங்க."

"சனிக்கிழமை விசில் கிடையாது. அவங்க அஞ்சு மீட்டர் தள்ளுவாங்க, பத்து தள்ளுவாங்க. நீ தள்ளத்தான் படிச்சிருக்கே. பின்னால போகப் படிக்கலை. அதுக்கு ஒரு வருஷம் ஆகும்."

"அப்ப கிளப் போகட்டுமா?"

"அது எனக்குத் தெரியாது."

"தெரியாதா? இதுதான் பதிலா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். குனி."

யோலோ குனியவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மெய்ரிக் அவனைக் கூப்பிடவில்லை. ஒன்பது வருடத்தில் பயிற்சியின் பாதியில் ஒரு பையன் போனது அதுதான் முதல் தடவை. யோலோ மறுபடி வருவானா என்று அவருக்குத் தெரியாது. மீதிப் பேரை அரை மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழங்காலுக்குத் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த க்ளெனிஸ்தான் கிளப்பின் செயலாளர். அவரைக் கண்டதும் முகம் வெளிறினாள்.

"மெய்ரிக், ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாதே."

"நான் யார்கிட்ட பேசுறேன்?"

"ரக்பி சங்கத்துல பதிவு செஞ்ச ஆட்டக்காரங்க பட்டியலை இப்பத்தான் முழுசாப் படிச்சேன். நாளைக்கு முன்வரிசைல யார்யாருன்னு கேட்டாங்க, அதுக்காக. வருஷா வருஷம் நான் என்ன பண்றேன்னா, போன வருஷப் பட்டியலையே 'அப்படியே புதுப்பி'ன்னு அழுத்திடுவேன். ஒருத்தரையும் எடுத்ததில்லை. பட்டியல்ல ஆஸ்திரேலியா போனவன் இருக்கான். இஸ்ல்வின் இருக்கார்."

"இஸ்ல்வினை ஹெஃபின்தானே அடக்கம் பண்ணான்?"

"நாலு வருஷம் முன்னாடி! சங்கத்துக் கணக்குல அவர் இன்னும் இடது ஓரத்துல ஓடிக்கிட்டிருக்கார். யாராவது சோதனைக்கு வந்தா என் கதி என்ன?" அவள் நிறுத்தினாள். "நீயும் இருக்கே. வலது முன்வரிசை. பழகியவர்."

மெய்ரிக் கல்லாவின் மேல் கையூன்றிக் குனிந்தார்.

"எடை என்ன போட்டிருக்கு?"

"தொண்ணூத்தி எட்டு கிலோ."

"இப்ப நூத்தி இருபத்தி ஒண்ணு."

"மாத்தணுமா?"

"வேண்டாம். தைலம் பெரிய பாட்டில் இருக்கா?"

அதற்குப்பிறகுதான் அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. "பைத்தியமா உனக்கு? முழு எண்பது நிமிஷம் நிக்கணும். நீ பாதில வெளிய வந்தாலும் பூஜ்யம்தான், வேற ஆளே இல்லை. ஒன்பது வருஷம் ஆச்சு மெய்ரிக்!"

"பின்னால போக மறக்கலை" என்றார் அவர்.

சனிக்கிழமை மூன்றாம் எண் ஜெர்சியை அவர் தலையில் மாட்ட ஹெஃபினும் இன்னொருவரும் தேவைப்பட்டார்கள். ஹெஃபின் தொழில் கண்ணோடு அவரை மேலும் கீழும் பார்த்தார் என்று பின்னால் சொன்னார்கள்.

அபர்குவித்தின் முன்வரிசையில் அவருக்கு நேரெதிரே நின்றவனுக்கு இருபத்தி நாலு வயது. ஆட்டுப் பண்ணைக்காரன். குனிவதற்கு முன் மெய்ரிக்கைப் பார்த்துச் சிரித்தான்.

"தாத்தா, முதியோர் பஸ் பாஸ் கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்தேன். நீ பால் குடிச்சியா?"

முதல் ஸ்க்ரமில் பென்கெலின் ஐந்து மீட்டர் பின்னால் போனது. கோட்டோரத்தில் குப்பை எடுக்கும் கூட்டாளிகள் நின்றிருந்தார்கள், அவர்கள்தான் ஆரம்பித்தார்கள். லாரி பின்னால் வரும்போது அடிக்கும் சத்தம்: "பீப்... பீப்... பீப்..." இரண்டாம் ஸ்க்ரமில் மைதானமே சேர்ந்துகொண்டது. பாதிரியாரும்தான்.

ஆனால் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மெய்ரிக் பின்னால் போனாரே தவிர மடங்கவில்லை. முதுகு பலகை போல நேராக இருந்தது, தலை நிமிர்ந்திருந்தது, சின்னச் சின்ன அடியாக, மாடிப்படியில் பீரோ இறக்குபவனைப் போலப் பின்னால் போனார். தப்பாகப் போயிருந்தால் பதினாறு பேரும் ஒரு கழுத்தின் மேல் விழுந்திருப்பார்கள். தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்ற யோலோ இரண்டாம் ஸ்க்ரமில் 'பீப்' சொன்னவர்களில் ஒருவன். மூன்றாவது ஸ்க்ரமிலிருந்து அவன் சத்தம் கேட்கவில்லை. அவரது கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்க்ரம்களுக்கு நடுவே அவர் செய்த வேலைகள் எந்தச் சட்டத்துக்கும் விரோதமில்லை, எந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கும் பொருத்தமும் இல்லை. பூட்ஸ் நாடா நான்கு முறை அவிழ்ந்தது. காணாமல் போன பல்லுறை அவர் வாயிலேயே கிடைத்தது. நடுவர் இளைஞர், பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"மிஸ்டர் பாஸ்க், சீக்கிரம்!"

"வர்றேன் சார். இன்னைக்கு வண்டி ரிவர்ஸ்ல மட்டும்தான் போகுது."

இரண்டாம் பாதியில் பென்கெலின் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தபோது ஒரு பெனால்டி உதையில் மூன்று புள்ளி கிடைத்தது. இருபத்தி நாலுக்குப் பதினேழு. வித்தியாசம் ஏழு. இனி ஒரே ஒரு புள்ளி விட்டுக்கொடுத்தாலும் எல்லாம் முடிந்தது. எழுபத்தி எட்டாவது நிமிடம் பென்கெலின் கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் அபர்குவித்துக்கு ஸ்க்ரம். மெய்ரிக்கின் முழங்கால் பலாப்பழம்போல் வீங்கியிருந்தது. மருத்துவப் பெட்டியோடு க்ளெனிஸ் ஓடிவந்தாள்.

"வெளிய வந்துடு. போதும்."

"வந்தா பூஜ்யம்."

"செத்தா?"

"ஹெஃபின் இங்கேதான் இருக்கான்."

இந்த முறை யாரும் 'பீப்' சொல்லவில்லை. எட்டுப் பேரும் எட்டுப் பேரும் மோதினார்கள். பென்கெலின் ஒரு மீட்டர் பின்னால் போனது. இன்னொரு மீட்டர். பண்ணைக்காரன் அவரை மேலே தூக்கப் பார்த்தான். மெய்ரிக் இன்னும் தாழ்ந்தார். அந்த வயதில் அந்த வயிறு அந்த அளவு கீழே போகும் என்று பண்ணைக்காரனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாவது மீட்டரில் ஸ்க்ரம் நின்றது. நகரவில்லை. பொறுமையிழந்த அபர்குவித் பந்தை வெளியே எடுத்தது, கை நழுவியது, பென்கெலினின் பத்தாம் எண்காரன் அதைப் பொறுக்கி ரோட்டுக்கே உதைத்தான். அதற்குள் நேரமும் முடிந்திருந்தது. விசில்.

தோற்ற அணியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு ஊரே பாடுவதை, ஜெயித்த அபர்குவித்காரர்கள் பஸ் ஏறும்வரை புரியாமல் பார்த்தார்கள். பண்ணைக்காரன் மட்டும் வந்து மெய்ரிக்கின் கையைப் பிடித்தான். "எப்படிங்க நின்னீங்க?" என்று கேட்டான். இந்தமுறை தாத்தா இல்லை.

ஹெஃபின் உடைமாற்றும் அறையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜெர்சியைக் கத்தரித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது.

"அந்தப் பையன் இறங்கியிருந்தா நாம ஜெயிச்சிருப்போம்டா" என்றார் ஹெஃபின்.

"ஜெயிச்சிருக்கலாம்."

"ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

"அப்பவும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டே?"

"மாட்டேன்."

ஹெஃபின் பெருமூச்சு விட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். வாசலில் யோலோ வந்து நின்றான். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அந்த ஊரில் இல்லை. "பின்னால போறதை எப்ப சொல்லித் தருவீங்க?" என்று கேட்டான். மெய்ரிக் முழங்காலைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார், திங்கட்கிழமை வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை அவரை லாரியில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. தெருவில் தொட்டிக் கைப்பிடிகளில் பாதி ரோட்டைப் பார்த்து நின்றன. மீதிப் பாதி இன்னும் சுவரைத்தான் பார்த்தது. ஜெயித்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் எந்த ஊரிலும் பாதிப்பேர் இருப்பார்கள். ஆனால் அவர்களும் மறுக்க முடியாதது ஒன்று உண்டு. ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஐம்பத்திரண்டு வயது மெய்ரிக் பாஸ்க் எண்பது நிமிடமும் களத்தில் நின்றார், பதினான்கு ஸ்க்ரம்களில் தள்ளினார், அவற்றில் பதினொன்றில் பின்னால் போனார், பதினேழு வயதுப் பையனின் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை.